எதிர்சேவைக்கு முன் ஒரு குளியலறை

அம்மாவால் முழங்காலை மடக்க முடியாமல் போனதும், கீழ்வீட்டுக் குளியலறையை உடைத்து வெஸ்டர்ன் கழிப்பறை வைக்க முடிவெடுத்தோம். எங்கள் வீடு மதுரை தல்லாகுளத்தில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், வைகையில் இறங்க வரும் கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. மூன்றுமாவடி, புதூர் வழியாக அழகர் எங்கள் பக்கம் வந்துவிடுவார். அன்றைக்கு மணல் வண்டி தெருவுக்குள் வர முடியாது. பெரியப்பா குடும்பமும் வந்து இறங்கிவிடும். யாருக்காகவும் தள்ளிப்போகாத கெடு அது.

அலுவலகத்தில் திட்டமிடல்தான் என் வேலை. அங்கே பயன்படுத்தும் கிரிட்டிகல் பாத் முறையையே வீட்டிலும் கையில் எடுத்தேன். டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1957 வாக்கில் ரசாயன ஆலைப் பணிகளுக்காக உருவாக்கியது இது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்துக்கொண்டு போகும் வேலைகளில் எந்தத் தொடர் மிக நீளமோ, அதுதான் மொத்த வேலையும் முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. அதில் ஒரு நாள் பிசகினால் மொத்தத்திலும் ஒரு நாள் பிசகும். மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

கொத்தனாரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன். பழைய டைல்ஸை உடைக்க வேண்டும். குழாய் பதிக்க வேண்டும், கீசருக்கான வயரையும் சுவருக்குள் கொண்டுபோய்விட வேண்டும். பிறகு பூச்சு, அதற்குத் தண்ணீர் விட்டு 7 நாள் காத்திருப்பு, அதன்பின் டைல்ஸ், கடைசியாகக் கழிப்பறைக் கோப்பை. "அந்த ஏழு நாளை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள் தம்பி" என்றார். ஆள் கூட்டினாலும் காசு கூட்டினாலும் சிமெண்ட் தன் நேரத்தில்தான் இறுகும். ஆகவே நான் கவலைப்பட வேண்டியது பூச்சு தொடங்கும் நாளைப் பற்றித்தான்.

பிளம்பர் உசிலம்பட்டியில் காதுகுத்து என்று கிளம்பிவிட்டார். குழாய் இல்லாமல் பூச முடியாது. இது நீளத் தொடரில் விழுந்த அடி. அன்றே அவருடைய தம்பியை வரவழைத்தேன். கதவு தாமதமாகும் என்று கடைக்காரர் சொன்னபோதோ சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கதவுக்கு அவகாசம் இருந்தது. எந்தத் தாமதத்துக்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துவிட்டதால் வீட்டில் குரல் உயரவே இல்லை. இந்த முறையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நிம்மதிதான்.

சுவருக்குத் தண்ணீர் காட்டும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டார். காலையும் மாலையும் வாசலில் நாற்காலி போட்டு, செம்பில் மொண்டு வீசுவார். வெளிறிக் கிடந்த பூச்சு தண்ணீரை உறிஞ்சிக் கறுக்கும். மேல் மூலை எட்டாது. அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். அடுப்படியில் தொங்கிய மாதக் காலண்டரில் அவரே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் எந்த அட்டவணையையும் இவ்வளவு அக்கறையோடு யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

நடுவில் "ஆள் வந்திருக்கும்போதே அடுப்படி மேடையையும் மாற்றிவிடலாமே" என்றார் அத்தை. ஆசைகள் இப்படி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டுதான் பல வீட்டு வேலைகள் முடியாமல் இழுக்கின்றன. 'திருவிழாவுக்குப் பிறகு' என்று தலைப்பிட்ட தாளில் அதை அத்தை முன்னாலேயே எழுதினேன். அவருக்கும் திருப்தி.

எதிர்சேவைக்கு முன்பே கைப்பிடிக் கம்பி வரை பொருத்தியாகிவிட்டது. மேடை வேலையை ஆடி கழிந்து தொடங்கலாம் என்கிறார் அம்மா. வேலை முடியும்வரை அடுப்பை எங்கே வைத்துச் சமைப்பது என்று முடிவானால்தான் பழைய மேடையில் கை வைக்க முடியும். தாளில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.