ஹைட்டியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எப்படி எண்ணுவது?

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்கள் கரீபியன் பக்கம் திரும்பினால் பெரும்பாலும் மார்த்தினிக், குவாதலூப் என்றுதான் போகிறார்கள். இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது, அதனால் அந்த ஈர்ப்பு இயல்பானது. ஆனால் பள்ளிக்கல்விதான் தலைப்பு என்றால் ஹைட்டியை எடுங்கள் என்பேன். வீட்டில் கிரெயோல் (பிரெஞ்சிலிருந்து உருவான அந்நாட்டு மக்களின் மொழி), பாடப்புத்தகத்தில் பிரெஞ்சு என்ற சிக்கலோடு அந்த நாடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டுகிறது. அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பின் வீட்டுத் தமிழுக்கும் புத்தக ஆங்கிலத்துக்கும் நடுவே நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற ஊர் நம்முடையது. ஹைட்டிக்காரர்களின் கேள்வி நமக்கும் புரியும்.

முதலில் பின்னணி. 1804இல் பிரான்சிடமிருந்து விடுதலை அடைந்த ஹைட்டியிடம் 1825இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பின்னால் அது 9 கோடியாகக் குறைந்தாலும், அதற்காக வாங்கிய கடனைத் தலைமுறைகளாக அடைத்தார்கள். பள்ளி கட்ட வேண்டிய கஜானா காலி. 1860இல் வத்திக்கானோடு உடன்பாடு ஏற்பட்டபின் பிரெஞ்சுத் துறவற சபைகள் வந்து பள்ளி நடத்தின. நம் ரோமன் ரோலந்து வீதியில் இருக்கும் குளூனி சபைக் கன்னியர்களும் அவர்களில் உண்டு. அந்தப் போக்கு மாறவே இல்லை. இன்றும் தொடக்கப்பள்ளிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் அரசு சாராதவை: சபைப் பள்ளி, ஊர்க்காரர்கள் நடத்தும் பள்ளி, ஒருவர் வீட்டு முன்னறையில் நடக்கும் பள்ளி. பலவற்றுக்கு அனுமதியே கிடையாது.

ஆய்வு இங்கேதான் வழுக்குகிறது. கல்வி அமைச்சகத்தின் பட்டியலிலிருந்து பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால் அனுமதியில்லாத பள்ளிகள் மொத்தமாக விடுபடும். மிக ஏழைப் பிள்ளைகள் படிப்பது அவற்றில்தான். ஆகவே ஒரு பகுதியை எடுத்து, தெருத்தெருவாக நடந்து, இருக்கிற பள்ளிகளையெல்லாம் குறித்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். சேர்க்கை விகிதத்தையும் அப்படியே நம்பக்கூடாது. ஹைட்டியில் கடைசியாக முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2003இல். அதன்பின் வரும் விகிதங்களில் கீழே இருக்கும் எண், அதாவது பள்ளி வயதுப் பிள்ளைகளின் தொகை, ஒரு மதிப்பீடு. மேலே இருக்கும் எண்ணில், அதாவது பள்ளியில் சேர்ந்தவர்களின் தொகையில், வயது தாண்டிய பிள்ளைகளும் சேர்ந்திருப்பதால் மொத்தச் சேர்க்கை விகிதம் நூறைத் தாண்டக்கூடும். நூறைத் தாண்டியது நல்ல செய்தி என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் அதே வகுப்பில் தேங்கி நிற்பதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம்.

அதனால் வயதைக் கேளுங்கள். 6 வயதில் முதல் வகுப்பு என்பது கணக்கு. 4ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 9 வயது இருக்க வேண்டும். அதே பெஞ்சில் 12, 13 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணம். ஃபீஸ் கட்ட முடியாமல் தாமதமாகச் சேர்வது, பாக்கி விழுந்ததும் நடு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுவது, அடுத்த வருடம் அதே வகுப்பில் திரும்ப உட்கார்வது என மூன்றும் சேர்ந்து இது நடக்கிறது. உரிய வயதைவிட இரண்டு வயதோ அதற்கு மேலோ கூடியவர்களை வகுப்புவாரியாகத் தனியே எண்ணினால், இடைநிற்றல் எந்த வகுப்பில் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகள் நிறைய என்பதால் 'பத்து', 'பன்னிரண்டு' என்று தோராயமாகச் சொல்வார்கள். கடலூர்ப் பக்கம் ஒரு பிள்ளையின் வயதைக் கணிக்க 'தானே புயலுக்கு முன்னா, பின்னா?' என்று கேட்பதைப் போல, அங்கே 2016 அக்டோபர் மாத்யூ சூறாவளியும் தெற்கில் 2021 ஆகஸ்ட் நிலநடுக்கமும் உதவும்.

வீட்டு ஆய்வில் இன்னொரு ஓட்டை 'ரெஸ்தாவெக்'. அடுத்தவர் வீட்டில் வேலைக்கு விடப்பட்ட பிள்ளைகள் இவர்கள். 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்டால் கணக்கில் வரவே மாட்டார்கள். 'நேற்று ராத்திரி இந்த வீட்டில் தூங்கிய 18 வயதுக்குட்பட்டவர்கள் எல்லாரும் யார் யார்?' என்று கேட்க வேண்டும். பள்ளி வாய்ப்பு மிகக் குறைவான பிள்ளைகளை விட்டுவிட்டு எடுக்கும் சராசரியில் என்ன பயன்?

இனி வாசிப்புச் சோதனை. என் பார்வையில் ஆய்வின் உயிர் இதில் இருக்கிறது. ஆரம்ப வகுப்பு வாசிப்பை அளக்க, சுமார் 60 சொல் கொண்ட கதையை ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பிறகு 5 கேள்வி கேட்பது வழக்கம். ஒரு சொல்லில் பிள்ளை 3 விநாடி திணறினால் தவறென்று குறித்து அடுத்த சொல்லுக்கு நகர்த்த வேண்டும். முதல் வரியில் ஒன்றுகூடச் சரியாக வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும்; அழவைக்கக் கூடாது. 60 சொல்லையும் 45 விநாடியில் முடித்து 6 தவறு செய்தால் 54 பெருக்கல் 60 வகுத்தல் 45, அதாவது நிமிடத்துக்கு 72. நேரம் முடியும்போது 31ஆம் சொல்லில் நின்று 5 தவறு என்றால் 26.

ஆய்வாளர்கள் தவறுவது எங்கே? பிரெஞ்சுக் கதையைக் கிரெயோலுக்கு மொழிபெயர்த்தால் கடினம் ஒரே அளவாக இருக்காது; இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிரெஞ்சு வாசிப்பைக் கேட்டபின் கேள்வியைக் கிரெயோலில் கேளுங்கள். கடகடவென்று வாசித்துவிட்டு ஐந்துக்கு ஒன்றுகூடச் சொல்லாத பிள்ளைக்குப் புரியவில்லையா, பிரெஞ்சில் பதில் சொல்லத் தெரியவில்லையா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. சராசரியை மட்டும் அச்சடிக்காமல் பூஜ்யம் வாங்கியவர்களின் பங்கைத் தனியாகக் காட்டுங்கள். தமிழ்ப் பிள்ளையின் வேகத்தோடு ஒப்பிடவே வேண்டாம்: 'படித்துக்கொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரு சொல், கிரெயோலில் அதையே நான்கு குட்டிச் சொற்களாக எழுதுவார்கள்.

சட்டத்தில் குறையில்லை. 1979இல் கல்வி அமைச்சர் ஜோசப் பெர்னார் கொண்டுவந்த சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளைக் கிரெயோலில் நடத்தச் சொன்னது. 1987 அரசியலமைப்பு கிரெயோலை ஆட்சிமொழியாக்கியது. ஆனாலும் ஆசிரியர் பயின்றது பிரெஞ்சில், பெரிய பரீட்சை பிரெஞ்சில், வேலை கிடைப்பதும் பிரெஞ்சில். கிரெயோலில் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பெற்றோர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பரீட்சையின் மொழி மாறாதவரை வகுப்பின் மொழி மாறாது. ஹைட்டியின் லா கோனாவ் தீவிலுள்ள மாத்தென்வா பள்ளி 1996 முதல் கிரெயோலில் கற்பித்து, பிள்ளைகளையே கதைப்புத்தகம் எழுதவைக்கிறது. மொழியியலாளர் மிஷேல் தெகிராஃப் எம்.ஐ.டி. வழியாக அறிவியல், கணிதப் பாடங்களைக் கிரெயோலில் கொண்டுவருகிறார். ஒப்பீட்டுக்கு இரண்டையும் பாருங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2011இல் இலவசக் கல்வித் திட்டத்துக்காக, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி நிமிடத்துக்கும் 5 அமெரிக்க சென்ட், ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் ஒன்றரை டாலர் பிடித்தார்கள். பள்ளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தலைகள் காகிதத்தில் பெருகும். முன்கூட்டிச் சொல்லாமல் போய் வகுப்பில் இருப்பவர்களை எண்ணி, வருகைப் பதிவேட்டோடும் கட்டணக் கோரிக்கையோடும் ஒப்பிடுவதுதான் சரிபார்ப்பு.

இப்போது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் களப்பணி செய்ய முடியாது. ஆயுதக் குழுக்களால் பல பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் கட்டடங்கள் பலவற்றில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டால் போன் உள்ள வீடுகள் மட்டுமே சிக்கும் என்பதை அறிக்கையில் எழுதிவையுங்கள். சோதனைத் தாளையும் நேரக் கணிப்பையும் முதலில் அரியாங்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ 3ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளியின் அனுமதியோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்திப் பழகுங்கள். இருவர் ஒரே பிள்ளைக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பத்துக்கு ஒன்பது இடத்திலாவது ஒத்துப்போகும் வரை கருவியை வெளியே எடுத்துச் செல்ல வேண்டாம்.