தம்பிக்குக் கரையான் மருந்து ஏறியபோது

வீட்டில் யாராவது கரையான் மருந்து அடிக்கும் வேலைக்குப் போனால், டப்பாவில் இருக்கும் பெயரை ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பியைக் கொண்டுபோனபோது டியூட்டி டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்: "என்ன மருந்தும்மா? டப்பா இருக்கா?"

மாதவரத்தில் ஒரு குடோன். சுவரும் தரையும் சேரும் இடத்தில் துளை போட்டு குளோர்பைரிபாஸ் இறக்கும் வேலை. பம்ப் ஹோஸ் பிய்ந்து சட்டை பேன்ட் எல்லாம் நனைந்துவிட்டது. காய்ந்துவிடும் என்று அதே துணியோடு வேலையை முடித்திருக்கிறான். வியாசர்பாடி வீட்டுக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தான். இந்த மருந்து தோல் வழியாக மெதுவாக இறங்கும். கல்லீரல் அதை 'ஆக்சான்' என்ற வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் முழு வீரியமும் வரும். அதனால் தொந்தரவு தெரியவே மணிக்கணக்கில் ஆகலாம். ராத்திரி வியர்வை கொட்டியது, எச்சில் நிற்காமல் வழிந்தது, வாந்தி வேறு. கண்மணி சின்னப் புள்ளியாகச் சுருங்கியிருந்தது. கெண்டைக்காலில் தோலுக்கு அடியே சதை தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவி, மூலக்கடை வழியாக ஆட்டோவில் கொண்டுபோனோம். டப்பா லேபிளை அவனோடு வேலை செய்யும் பையன் போட்டோ எடுத்து அனுப்பினான். மஞ்சள் முக்கோணம் (அதிக நஞ்சு என்ற அடையாளம்) போட்ட லேபிள்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று அப்புறம் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நரம்பு முனையில் அசிடைல்கோலின் என்ற பொருள் சுரந்துதான் தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை போகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போடுவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. பூச்சிமருந்தின் பாஸ்பேட் பகுதி அந்த நொதியின் வேலை செய்யும் இடத்தில், செரின் என்ற அமினோ அமிலத்தில், ஒட்டிக்கொள்கிறது. அசிடைல்கோலின் உடைபடாமல் தேங்குகிறது. எச்சில், வியர்வை, சதைத் துடிப்பு எல்லாம் அதனால்தான்.

ஒட்டியது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே விடுபடலாம். பிராலிடாக்சிம் ஊசி போட்டுப் பிரிக்கவும் பார்க்கலாம். ஆனால் நேரம் போகப்போக, ஒட்டிய பகுதியிலிருந்து அல்கைல் தொகுதி என்ற ஒரு சிறு துண்டு கழன்று, மீதி உறுதியாக இறுகிவிடுகிறது. நொதி முதிர்ந்துவிட்டது என்பார்கள். கையில் பட்ட சிமென்டை ஈரத்தோடு கழுவிவிடலாம், காய்ந்த பிறகு முடியாதல்லவா, அதுபோல. முதிர்ந்த நொதியை எந்த ஊசியாலும் மீட்க முடியாது. உடம்பு புதிதாக உண்டாக்கினால்தான் உண்டு. டைமெத்தில் வகை மருந்துகளில் (டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் போல) பாதி நொதி முதிர ஏறக்குறைய 3.7 மணி நேரம்தான். குளோர்பைரிபாஸ் டைஎத்தில் வகை. அதற்குச் சுமார் 33 மணி. போரில் பயன்படுத்தவென்று செய்த சோமன் நஞ்சுக்குச் சில நிமிடமே போதும். எங்களுக்கு அவகாசம் இருந்தது.

ஆனாலும் அவனைக் காப்பாற்றியது முதலில் எச்சில், வியர்வையை அடக்கும் அட்ரோபின் ஊசிதான் என்று நினைக்கிறேன். பிராலிடாக்சிம் பற்றிய ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை: 2006இல் வெளியான, மகாராஷ்டிராவில் இருக்கும் பாராமதியில் நடந்த ஆய்வில் அதிக அளவில் கொடுத்தபோது பலன் தெரிந்தது, 2009இல் வெளியான இலங்கை ஆய்வில் தெரியவில்லை. அட்ரோபினைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக் கொடுத்தார்கள். சிஸ்டர் வந்து அக்குளைத் தொட்டுப் பார்ப்பார், ஈரம் இருக்கிறதா என்று. நெஞ்சில் கரகரப்பு நின்று, அக்குள் காய்ந்து, நாடித்துடிப்பு ஏறினால் போதுமான அளவு போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்சம் கூடிப்போனால் குழப்பம் வரும். தம்பி ஒரு ராத்திரி முழுக்கப் படுக்கை விரிப்பைப் பிய்த்துக்கொண்டு, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருந்தான்.

வியர்வை நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அட்ரோபின் தசை பலவீனத்துக்கு உதவாது. 24 மணியிலிருந்து 96 மணிக்குள் கழுத்துச் சதையும் மூச்சுச் சதையும் தளர்ந்துபோகலாம். "தலையைத் தூக்குப்பா" என்று டாக்டர் சொல்வார். ஒரு நாள் காலையில் தம்பியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பேச்சும் கம்மியது. உடனே வென்டிலேட்டர் வைத்தார்கள். அந்த ஒரு சோதனையை யாரும் விடாமல் செய்ததற்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ரத்தப் பரிசோதனை தொடர்ந்தது. பிளாஸ்மாவில் இருக்கும் நொதியைக் கல்லீரல் உண்டாக்குகிறது, அது சில வாரத்தில் ஏறிவிடும். சிவப்பணுவில் இருக்கும் நொதி முதிர்ந்துவிட்டால் புது அணுக்கள் வந்துதான் ஈடாக வேண்டும்; நாளுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நார்மலா சார்?" என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் அளவு ரொம்ப மாறும், இவருக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் ஒரு எண்ணை வைத்துச் சொல்வது கஷ்டம் என்றார். வேறு ஆபரேஷன் ஏதாவது வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லச் சொன்னார். சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைப்பது பிளாஸ்மாவில் இருக்கும் இதே நொதிதானாம்.

கலிபோர்னியாவில் இந்த வகைப் பூச்சிமருந்துகளைத் தொடர்ந்து கையாளும் விவசாயத் தொழிலாளிக்கு முதலிலேயே இந்த நொதியின் அடிப்படை அளவு எடுக்க வேண்டும். சிவப்பணு நொதியின் அளவு அதில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பது விதி. தம்பியின் முதலாளியிடம் அதைச் சொல்லி வாதாடினேன். இரண்டு தடவை தட்டிக்கழித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். குழுவில் இருக்கும் மற்ற பையன்களுக்கு இப்போது வேலைக்கு முந்தைய அளவு எழுதி வைத்தாயிற்று. அடுத்தபடியாக ரப்பர் கையுறையும், நனைந்தால் உடனே மாற்றிக்கொள்ள ஒரு செட் துணியும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.