கொண்டை ஊசி வளைவில் போலீஸ் ஜீப் எவ்வளவு வேகம் போகும்?

நீலகிரியில் நடக்கும் போலீஸ் கதை என்று எழுதப்படும் ஸ்கிரிப்டுகளில் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர், "சார், டவர் லொகேஷன் வந்திடுச்சு" என்பார். அடுத்த ஷாட்டில் நாலு பொலேரோ அந்த வீட்டு வாசலில் பிரேக் அடிக்கும்.

மலையில் இது நடக்காது. டவர்கள் குறைவான இடத்தில் ஒரே டவர் பல கிலோமீட்டர் பரப்பைப் பார்த்துக்கொள்ளும். போன் பக்கத்து டவரை விட்டுவிட்டு, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் நேர்ப்பார்வையில் நிற்கும் டவரைப் பிடிக்கும். வான்வழியில் 5 கிலோமீட்டர்; சாலையில் சுற்றிப் போனால் 20. கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் மாதிரி விளிம்பில் நிற்பவனின் போன் கீழே சமவெளி டவரில் பதிவாகலாம். கூடலூர் எல்லையில் கேரள டவர் வரும். ஆகவே 'லொகேஷன்' கிடைத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. எந்தச் சரிவு, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் எது, யாரைக் கேட்பது, கேட்டால் யார் போய்ச் சொல்லிவிடுவார்கள்?

பூச்சில்லாத போலீஸ் படம் இத்தனை வருடம் சலிக்காமல் ஓடுவது அந்த நடுவேலையால்தான். சண்டை எல்லா வகைப் படத்திலும் இருக்கிறது. வழியில் நிற்கும் தடையும், அதைத் தாண்ட ஆகும் நேரமும், தாண்டியவன் உடம்பில் தெரியும் களைப்பும் இந்த வகையில் மட்டுமே கதையாகின்றன. 1971-ல் வந்த 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில் ரயிலைத் துரத்தும் கார் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே அளவுக்குப் பலம், குற்றவாளி உள்ளே சூடாக உட்கார்ந்து விருந்து சாப்பிட, போலீஸ்காரன் வெளியே குளிரில் நின்று பீட்சா துண்டைக் கடித்துக்கொண்டிருக்கும் காட்சி. 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) படத்திலும் துப்பாக்கியை விட அதிகம் மனதில் நிற்பது கைரேகையைத் தூக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலைவதுதான். மலையைக் களமாக எடுப்பவருக்கு இந்தத் தடைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிட்டு பைன் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

முதலில் துரத்தல். தலைப்பில் கேட்ட கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. இந்திய மலைச்சாலை விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர். வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். 15 மீட்டர் ஆரம் என்று வைத்து 40-ல் திரும்பினால் வண்டியை வெளியே தள்ளும் விசை அதன் எடையில் 84 சதவீதம். நல்ல டயருக்குக் காய்ந்த தாரில் அதுதான் விளிம்பு. மழை பெய்தால் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்போது எல்லை 28, 29 கிலோமீட்டர். உயரமான ஜீப் வகைகள் அதற்கும் முன்பே சாயத் தொடங்கும். ஆக, வளைவில் எழுபதில் சீறும் ஜீப் எடிட்டிங் மேஜையில் மட்டுமே ஓடுகிறது.

எனவே வண்டியை 25-ல் ஓட்டி, பார்ப்பவருக்கு 60 என்று தோன்றவைக்க வேண்டும். கேமராவை பம்பர் உயரத்துக்கு இறக்குங்கள். 18 முதல் 24 எம்.எம். லென்ஸ் போடுங்கள். மலைச்சுவர் இருக்கும் பக்கத்தை ஃபிரேமில் சேருங்கள். கையெட்டும் தூரத்தில் பாறை ஓடும்போது வேகம் தானாக வந்துவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினால் தூரத்து மலை அசையாமல் நிற்கும், வண்டி ஊர்வது அப்பட்டமாகத் தெரியும். அழகான வியூ கிடைக்கிறதே என்று அந்தப் பக்கமே கேமராவை வைத்துக் கெட்டுப்போன துரத்தல்கள் ஏராளம். விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 22-ல் எடுத்தால் ஒன்பது சதவீத வேகம் கூடும், கண்ணுக்குத் தெரியாது. 20-க்கு இறங்கினால் 20 சதவீதம் கூடும். ஆனால் சாலையோரம் நடப்பவரின் காலும் ஓடும் மூடுபனியும் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழிறங்கும் ஷாட்டை ரீடேக் போடும்போது பிரேக்கைக் கவனியுங்கள். ஒரே இறக்கத்தில் எட்டு டேக் என்றால் டிரம் கொதிக்கும், லைனிங் கருகும் வாசனை வரும், கடைசியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டாவது கியரில் இறக்கி, நாலு டேக்குக்கு ஒருமுறை இருபது நிமிடம் நிறுத்தி ஆறவிடுவது வழக்கம். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36. எண்ணிக்கையைப் பார்த்து எல்லோரும் கல்லட்டியைக் கேட்பார்கள். அங்கே சரிவு மிகக் கடுமை, பிரேக் போய் விபத்தானவை பல. அதனால் வெளிமாவட்டப் பதிவெண் வண்டிகளை ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க விடுவதில்லை. இதைத் தொந்தரவாகப் பார்க்காமல் கதையாகப் பாருங்கள். டி.என். 38 காரில் கோவையிலிருந்து வந்தவன் அந்த வழியாகத் தப்ப முடியாது. அவனுக்கு நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டி ஒன்று வேண்டும். அதை யார் கொடுத்தார்? விசாரணைக்கு ஒரு நூல் கிடைத்துவிட்டது.

இன்னொன்று: மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்பார். துரத்தலில் இறங்கி வருபவன் ஒதுங்காமல் ஏறும் அரசு பஸ்ஸை மறித்தால், சமவெளிப் பார்வையாளருக்கு அது சாதாரண ஓவர்டேக். கோத்தகிரிக்காரருக்கு அதுவே முதல் குற்றம்.

மலைநகரத் துரத்தல் என்றால் 'புல்லிட்' (1968) படத்தைச் சொல்லாமல் முடியாது. சான்ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் கார் துள்ளி விழும் அந்தப் பத்து நிமிடத்துக்கு எடிட்டர் பிராங்க் கெல்லர் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அதே பச்சை ஃபோக்ஸ்வேகனை ஹீரோ திரும்பத் திரும்ப முந்துகிறார். வில்லன் காரிலிருந்து நாலு சக்கரத்துக்கும் மேலாக வீல்கப் கழன்று விழுகிறது. மலையில் இந்தத் தவறு இன்னும் சுலபமாக வரும், ஒரு வளைவைப் போலத்தான் மறுவளைவு இருக்கும் என்று நினைத்து ஒரே வளைவை ஆறு கோணத்தில் எடுப்பார்கள். வளைவு எண் பலகை ஃபிரேமில் இருக்கிறதா என்று பாருங்கள். "5/14" என்ற பலகை மூன்று முறை வந்தால் தியேட்டரில் சிரிப்பார்கள்.

மூடுபனி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது பத்து நிமிடத்தில் வரும், பத்து நிமிடத்தில் போகும். வந்தவுடன் வைட் ஷாட்டுகளை அள்ளிக்கொள்ளுங்கள், குளோஸப்பை ஸ்மோக் மெஷின் போட்டுப் பிறகு ஒப்பேற்றலாம். முழுதாக ஒப்பேறாது: புகை சற்று நீலம் தட்டி மேலே எழும்பும், பனி வெள்ளையாகச் சரிவோடு நகரும். குளோஸப்பில் பின்னணி மங்கலாக இருந்தால் வித்தியாசம் அடங்கிவிடும். காட்டுப் பகுதியில் புகை, வெடி எதற்கும் அனுமதி கிடைக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். இரவுப் பனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். உள்ளூர் டிரைவர் லோபீமில்தான் போவார். ஹீரோவின் ஜீப்பை ஹைபீமில் ஓட்டாதீர்கள். மாறாக, பக்கவாட்டில் நடக்கும் ஏட்டு கையில் ஒரு டார்ச் கொடுங்கள், ஒளிக்கற்றை அப்படியே தெரியும், தனி லைட்டே வேண்டாம்.

மழையும் அப்படித்தான். உண்மையான தூறல் கேமராவில் தெரியவே தெரியாது, துளிக்குப் பின்னால் லைட் இருந்தால்தான் தெரியும். மழை வேண்டுமென்றால் ஜூலையில் கூடலூர், தேவாலா. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் பக்கம் அது. அக்டோபர், நவம்பர் என்றால் குன்னூர், கோத்தகிரி, பழனி மலை. அதிக மழை வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆகஸ்டில் அவலாஞ்சி பக்கம் யூனிட்டை அனுப்புவதற்கு முன், 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத ஜெனரேட்டர் அதே விகிதத்தில் சுமை இழக்கும். கீழே 100 கிலோவாட் தந்தது மேலே 80-ல் திணறும். நடிகரும் அப்படியே. சென்னையிலிருந்து வந்த முதல் நாளே மேட்டில் 200 மீட்டர் ஓடவைத்தால் மூச்சு வாங்கும். மேக்கப் போடாமல் கிடைக்கும் அந்த மூச்சிரைப்பை வீணாக்காதீர்கள்: ஓட்டக் காட்சியை முதல் நாள் வையுங்கள், வசனத்தை மூன்றாம் நாள் வையுங்கள். காலையில் வாயிலிருந்து வரும் ஆவி ஒன்பது மணிக்குக் காணாமல் போகும், கன்டினியூட்டி போய்விடும். ஆவி வேண்டாத ஷாட்டுக்கு முன் நடிகர் ஐஸ் கட்டியை வாயில் போட்டுத் துப்பிவிட்டுப் பேசினால் போதும். சர்க்கரைப் பாகில் செய்த ரத்தம் குளிரில் ஜாம் மாதிரி இறுகும். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைத்து எடுக்க வேண்டும். குளிரில் கிடந்த கேமராவை அறைக்குள் கொண்டுவந்து உடனே பையைத் திறந்தால் லென்ஸுக்குள் நீர் கோக்கும், ஒரு மணி நேரம் மூடியே வைத்திருங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் குறுக்கே ஓடும் ஹீரோவை இனிமேலாவது நிறுத்தலாம். தேயிலைச் செடி இடுப்பளவு மட்டமாக வெட்டப்பட்ட கெட்டிக் கட்டை. பக்கத்துச் செடியோடு கிளை பின்னிக் கிடக்கும். குறுக்கே பாய்ந்தால் முழங்கால் கிழியும், பத்தடி போக முடியாது. ஓடுகிறவன் பறிக்கும் பாதையிலும் வாய்க்காலிலும்தான் ஓடுவான். அதனால் துரத்துபவனுக்கு அவன் எங்கே வெளியே வருவான் என்று கணிக்க முடியும். கால் வேகத்தை விடப் பாதை தெரிந்திருப்பது ஜெயிக்கிறது. உள்ளூர்க் காவலர் ஒருவருக்குக் கதையில் இடம் கிடைப்பதும் இப்படித்தான். கூடலூர் பக்கம் என்றால் அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும் யூனிட்டுக்குக் கட்டாயம்.

இனி ஸ்டேஷன். தோளைப் பார்த்தே படம் தேறுமா என்று சொல்லிவிடுவார்கள். எஸ்.ஐ.க்கு இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டருக்கு மூன்று. இருவருக்கும் கீழே சிவப்பு–நீல ரிப்பன் உண்டு. டி.எஸ்.பி.க்கும் மூன்று நட்சத்திரம்தான், ரிப்பன் கிடையாது. ரிப்பனை மறந்தால் இன்ஸ்பெக்டருக்கு நீங்களே பதவி உயர்வு கொடுத்துவிட்டீர்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் மேஜை, வாசலில் பாரா (காவல்) நிற்கும் காவலர், விடாமல் இரையும் மைக் (வயர்லெஸ்) இந்த மூன்றும் இல்லையென்றால் அது செட் என்று தெரிந்துவிடும். பள்ளத்தில் மைக் எடுக்காது என்பதும் கதைக்கு உதவும். ஆறு குண்டு ரிவால்வரில் பத்து முறை சுடுவதை இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் பேச ஒன்றும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். ரெய்டு காட்சியில் ஒரு காவலர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வரவில்லை என்றால் அது பழைய காலத்துக் கதை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைதான இடத்திலிருந்து கோர்ட்டுக்குப் போகும் பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது என்பது பலருக்குத் தெரியாது. மண் சரிந்து சாலை அடைபட்ட இரவில், ஜீப்புக்குள் ஒரு அக்யூஸ்டும் மூன்று காவலர்களும். எவ்வளவு நேரம் பயணம், எவ்வளவு நேரம் சட்டவிரோதக் காவல்? ஒரு முழுப் படத்துக்கு இது போதும். ஒரு குண்டுகூடச் சுட வேண்டியதில்லை.

கெடு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. முதுமலை–பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. 8:40-க்குக் கூடலூர் பக்கத்துத் தொரப்பள்ளியைத் தாண்டியவன் கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா போய்ச் சேருவானா? டைம் பாமை விட நம்பும்படியான கடிகாரம் அது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகக் கேரளா, பாட்டவயல் வழியாக வயநாடு என்று மற்ற வாசல்களும் உண்டு. எந்தச் செக்போஸ்ட்டுக்கு ஆள் அனுப்புவது என்று இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஊட்டியிலிருந்து கூடுதல் படை இறங்கி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

கடைசியாகச் சத்தம். எதிர்மலை 500 மீட்டரில் இருந்தால் துப்பாக்கிச் சத்தம் மூன்று விநாடி கழித்துத் திரும்பி வரும். சுட்டவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று காதால் சொல்ல முடியாது, அதைக் காட்சியிலேயே பயன்படுத்தலாம். சென்னை டப்பிங் தியேட்டரில் பொதுவான எக்கோ எஃபெக்டைப் போட்டால் கிணற்றுக்குள் சுட்ட மாதிரி இருக்கும். லொகேஷனிலேயே ஒரு மரப்பலகையை இன்னொன்றின் மேல் ஓங்கி அறைந்து, பத்து விநாடி அமைதியோடு ஐந்தாறு இடத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். காற்று குறைந்த விடிகாலையில் செய்தால் சுத்தமாக வரும். அந்த எதிரொலியின் கால அளவை வைத்துச் சவுண்ட் டிசைனர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.