கிழிந்த ஜவ்வைத் தைத்தால் ஒட்டாதா?

கபடியோ கால்பந்தோ பைக்கில் சறுக்கியதோ, எதில் ஏசிஎல் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு) அறுந்தாலும் ஆபரேஷன் என்று வந்தால் டாக்டர் சொல்லும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். அறுந்ததை விட்டுவிட்டு, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது ஜவ்வாக வைத்து ஸ்க்ரூ போடுவது. என் சித்தி மகளுக்கும் அதைத்தான் செய்தார்கள், இப்போது நன்றாக நடக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவள் கேட்டது மட்டும் எனக்கு மறக்கவில்லை: "முட்டிக்குப் பக்கவாட்டுல இருக்குற ஜவ்வு அறுந்தா தானாவே ஆறிடுதாம். இதை மட்டும் ஏன் தைக்கக் கூடாது?"

இதே கேள்விக்காகவே ஒருவர் தன் படிப்பையே மாற்றிக்கொண்டிருக்கிறார். மார்த்தா மர்ரே அப்போது ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் மாணவி. கூடப் படித்தவருக்கு ஏசிஎல் அறுந்து ஊன்றுகோலோடு வந்தபோது, தைத்தால் என்ன என்று கேட்கப்போய், அதற்குப் பதில் தேடி மருத்துவம் படித்து, பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஆனார்.

தைத்துப் பார்க்காமல் இல்லை. 1970களில் நிறையப் பேருக்குத் தைத்தார்கள், சில வருடங்களில் பெரும்பாலும் மறுபடி தளர்ந்துபோனது. காரணம் மூட்டுக்குள் இருக்கும் திரவம். உடம்பில் பெரும்பாலான இடங்களில் கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும், அந்தக் கட்டியைப் பிடித்துக்கொண்டு செல்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய்ப் புதுத் திசுவை வளர்க்கும். முட்டிக்குள் அந்தக் கட்டி நிலைக்காது, மூட்டுத் திரவத்தில் இருக்கும் நொதிகள் அதைக் கரைத்துவிடும். ஆக அறுந்த இரண்டு முனைகளும் எதிரெதிரே இருந்தும் நடுவில் செல்களுக்குப் பிடிமானம் இல்லை.

அப்படியானால் அந்தக் கட்டியைக் காப்பாற்றினால் போதுமே! மர்ரே குழு செய்தது அதைத்தான். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தில் ஒரு பஞ்சு, அதில் நோயாளியின் சொந்த ரத்தத்தையே ஊற வைத்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்துத் தைக்கிறார்கள். சுமார் எட்டு வாரத்தில் பஞ்சு கரைந்துவிடும், அந்த இடத்தில் வளர்வது அவரவர் சொந்த ஜவ்வு. இதற்கு 'பேர்' (BEAR) இம்ப்ளான்ட் என்று பெயர், 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

எனக்கு இது ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்றால், இதற்கு முன்னால் நடந்ததைப் படித்ததால்தான். 1980களில் கார்பன் இழை, டாக்ரான், கோர்டெக்ஸ் என்று கெட்டியான செயற்கை ஜவ்வுகளை முட்டிக்குள் வைத்தார்கள். டாக்ரானும் கோர்டெக்ஸும் ரத்தக் குழாய்க்குப் பதிலாக வைக்கப்பட்டு இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிற பொருட்கள், உடம்பு அவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முட்டி ஒவ்வொரு முறை மடங்கும்போதும் எலும்போடு உரசி இழை தேய்ந்து, தூள் உதிர்ந்து, மூட்டு வீங்கி, கடைசியில் பலருக்கு அறுந்தே போனது. உடம்புக்கு ஒத்துப்போகும் பொருள் என்று யாராவது சொன்னால், உடம்பில் எந்த இடத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்று உடனே கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு இன்னும் கடினமான விஷயம், அதில் ரத்தக் குழாயே கிடையாது. கெட்டுப்போனால் திரும்பச் சரியாகாது என்று பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743லேயே எழுதிவிட்டார். 1994ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள், நோயாளியின் நல்ல குருத்தெலும்பில் கொஞ்சம் எடுத்து, செல்களை வெளியே வளர்த்து, பள்ளமான இடத்தில் திரும்ப வைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். இப்போது அந்தச் செல்களைப் பன்றிக் கொலாஜன் படலத்தில் பரப்பி ஒட்டுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் இரண்டு ஆபரேஷன். 2022ல் அனுமதி கிடைத்த அஜிலி-சி வேறு வழி: பவளத்தின் சுண்ணாம்பிலிருந்து செய்த, நுண்துளைகள் நிறைந்த ஒரு சிறு முளையை ஒரே ஆபரேஷனில் எலும்புக்குள் இறக்குகிறார்கள், அது மெல்லக் கரைய, அந்த இடத்தைச் சொந்த எலும்பும் குருத்தெலும்பும் பிடிக்கின்றன.

சரி, ஏசிஎல்லுக்கான 'பேர்' பஞ்சு எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தாது. 100 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருடத்தில் மறுபடி ஏசிஎல் ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் பஞ்சு வைத்தவர்களில் 14%, தசைநாண் வைத்தவர்களில் 6%. எண்ணிக்கை சிறியது என்பதால் இந்த வித்தியாசத்தை உறுதியானது என்று சொல்ல முடியாது, ஆனாலும் எந்த டாக்டரும் இதை நோயாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுபக்கம், தொடைப் பின்தசையின் பலம் பஞ்சு வைத்தவர்களுக்கு நன்றாகத் திரும்பியது. அங்கிருந்து எதையும் எடுக்கவில்லையே.

இன்னொரு நிபந்தனை நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். 2020ல் அனுமதி கொடுத்தபோது, அடிபட்ட 50 நாளுக்குள் செய்ய வேண்டும், கீழ்க்கால் எலும்போடு ஒட்டிய ஜவ்வின் அடிக்கட்டை மிச்சமிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நம்மிடம் என்ன நடக்கிறது? எண்ணெய், கட்டு, "சுளுக்குதான், சரியாகிடும்" என்று மாதக்கணக்கில் போய், முட்டி நழுவ ஆரம்பித்த பிறகுதான் எம்ஆர்ஐ. பஞ்சு நாளைக்கே இங்கே கிடைத்தாலும் அவர்களுக்கு உதவுமா என்பது சந்தேகம்தான். விளையாடும்போது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், அந்த வாரமே எலும்பு டாக்டரைப் பாருங்கள். எம்ஆர்ஐ எடுத்தால், அடிக்கட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.