பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்

பாலஸ்தீனக் கிராமமான பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். வேடிக்கைப் பேச்சு இல்லை, தண்ணீர் முறை. ஊரில் பெரிய குடும்பங்கள் எட்டு. ஊற்றுத் தண்ணீர் நாளைக்கு ஒரு குடும்பம் என்று சுற்றி வரும். இந்த வெள்ளிக்கிழமை முறை கிடைத்தவருக்கு அடுத்த முறை சனிக்கிழமை, அதற்கடுத்து ஞாயிறு. தொழுகை நாளான வெள்ளி என்றைக்கும் ஒரே வீட்டார் தலையில் விழாது. ஏழு நாள் கணக்கில் இந்த நியாயம் வந்திருக்காது.

ஊர் இருப்பது மேற்குக் கரையில், பெத்லகேமுக்கு மேற்கே, எருசலேமுக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில். மலைச்சரிவில் வீடுகள், அவற்றுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல்கள், பள்ளத்தாக்கின் அடியில் ரயில் பாதை. இன்னொரு பக்கம் பெய்த் ஜாலாவிலிருந்து வாதி அல்-மக்ரூர் என்ற பள்ளத்தாக்கு இறங்கி வருகிறது. அங்கே ஒலிவ மரமும் திராட்சையும் மழையை மட்டும் நம்பி நிற்கின்றன. காய்கறி எல்லாம் ஊற்றுக்குக் கீழே உள்ள படிகளில்தான்.

மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோடையில் ஒரு தூறல்கூட இருக்காது. அப்புறம் ஊற்று எப்படி ஓடுகிறது? மேலே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதன் வழியே இறங்கி, கீழே களி கலந்த இறுகிய படுகையில் தட்டுப்பட்டு, பக்கவாட்டில் நகர்ந்து மலைச்சரிவில் வெளியே வருகிறது. இந்தப் பாறையில் ஒரு குறையும் உண்டு, தண்ணீரை அது வடிகட்டாது. மேட்டில் ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழி கசிந்தால் மண்ணில் தேங்கிச் சுத்தமாக வழியில்லை, வெடிப்பு வழியே நேராக ஊற்றுக்கே வந்துவிடும். ஊரின் பழைய தண்ணீர் முறையைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கழிவுநீர்ப் பிரச்சினையை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பெரிய ஊற்றின் பெயர் அய்ன் அல்-பலத், அதாவது ஊர் ஊற்று. பக்கத்துப் பாறையில் ரோமானியப் படைப் பிரிவுகளைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. ஐந்தாம் மக்கெதோனிகா, பதினொன்றாம் கிளாவுதியா. கி.பி. 135இல், ரோமருக்கு எதிராக யூதத் தலைவர் பார் கோக்பா நடத்திய கிளர்ச்சி அடங்கிய கடைசிக் கோட்டையான பேத்தர் இந்த மேட்டில்தான் இருந்தது என்று கொள்கிறார்கள்.

ஊற்றுத் தண்ணீர் ரோமானியர் காலத்துக் கல் குளத்தில் இராத்திரி முழுக்கச் சேரும். காலையில் அன்றைய முறைக் குடும்பத்தார் அளவுகோலைக் குளத்தில் நட்டு ஆழம் பார்ப்பார்கள். அன்றைக்குள்ள ஆழத்தைப் பங்குக்குத் தகுந்தபடி பிரித்து, ஒருவர் பங்கு இறங்கியதும் மடையை அடுத்தவருக்குத் திருப்புவார்கள். ஓட்டத்தை அளக்கும் கருவி எதுவும் தேவையில்லை. 100 சதுர மீட்டர் பரப்புள்ள குளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1,000 லிட்டர் போயிருக்கிறது. சுவர் செங்குத்தாக இருக்கும்வரை இந்தக் கணக்கு பிசகாது. அடியில் வண்டல் ஏறினால் கோல் பொய் சொல்லும், அதனால் குளத்தைத் தூர்வாருவதும் முறையில் சேர்ந்த வேலைதான்.

இந்த முறை நீடித்ததற்கு என் கணக்கில் ஒரே காரணம்: யாருக்கும் இத்தனை லிட்டர் என்று வாக்குக் கொடுக்கவில்லை, இத்தனையில் ஒரு பங்கு என்றுதான் பேச்சு. ஆகஸ்டில் ஊற்று மெலிந்தால் எல்லார் பங்கும் சேர்ந்தே மெலியும். கடைமடைக்காரர் மட்டும் காய வேண்டியதில்லை.

இனி படிகளைத் தாங்கும் சுவர். அரபியில் சின்ஸிலே. காரை கிடையாது, வெறும் கல் அடுக்கு. மண்ணைத் தோண்டிப் பாறையிலோ இறுகிய தரையிலோ பெரிய கல்லை உட்கார வைக்க வேண்டும். மேலே போகப் போகச் சுவர் மலைப் பக்கம் சாய வேண்டும், மீட்டருக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் சந்துமேல் ஏற வேண்டும். இடையிடையே உள்ளே ஆழமாகப் போகும் நீளக்கல் வேண்டும், இல்லாவிட்டால் முகப்பு தனியாகப் பிரிந்து வரும். சுவருக்குப் பின்னால் மண்ணை நேராகக் கொட்டக் கூடாது. முதலில் அரை மீட்டர் அகலத்துக்குச் சில்லுக்கல், அதற்குப் பின்தான் செம்மண்.

அந்தச் சில்லுக்கல்தான் சுவரின் உயிர். மழைநீர் அதன் வழியே இறங்கிக் கல் சந்துகளில் கசிந்து வெளியேறும். அவசரத்துக்குச் சிமெண்ட் பூசினால் தண்ணீர் உள்ளே தேங்கி, ஈரமண் பாரம் சேர்ந்து, சுவர் நடுவில் வயிறு தள்ளும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் மொத்தமாகச் சரியும். ஒரு படி சரிந்தால் வெள்ளம் அந்த உடைப்பில் கூடி அடுத்த படியை அடிக்கும். மேலே ஒரு குடும்பம் நிலத்தைக் கைவிட்டால் கீழே உழுகிறவருக்குப் பிரச்சினை வருவது இப்படித்தான். கல் விழுந்த வாரமே எடுத்து வைத்தால் அரைநாள் வேலை. விட்டால் முழுப் பருவமும் போகும்.

படிகளுக்கு நடுவே கஸ்ர் என்ற சிறு கல் குடில்கள் உண்டு. பெயருக்கு அரண்மனை. அறுவடைக் காலத்தில் குடும்பம் தங்கிக் காவல் காத்த இடம்.

ரயிலுக்கு வருவோம். யாஃபா–எருசலேம் பாதை 1892இல் திறந்தது. பத்தீரில் நிலையம் இருந்ததால் ஊர்ப் பெண்கள் காய்கறிக் கூடையோடு எருசலேம் சந்தைக்குப் போய்வந்தார்கள். 1949 போர்நிறுத்தக் கோடு வந்தபோது பாதை இஸ்ரேல் பக்கம் போயிற்று, ஊரின் நிலத்தில் ஒரு பகுதி பாதைக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. சண்டையில் ஊர் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. ஊர்க்காரரான ஹசன் முஸ்தஃபாவும் எஞ்சிய சிலரும் வீடுகளில் விளக்கேற்றி, துணி உலர்த்தி, ஆள் நடமாட்டம் இருப்பதாகக் காட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானோடு பேசி முடிவான ஏற்பாடு இது: ரயிலுக்குச் சேதம் வராமல் ஊர் பார்த்துக்கொள்ளும், அப்பாலுள்ள நிலத்தை உழ ஊராரை விடுவார்கள். எழுதிய சட்டங்கள் பல காற்றில் போன வட்டாரத்தில் இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இஸ்ரேலின் பிரிவினைச் சுவரை இந்தப் படிகளின் குறுக்கே கட்டத் திட்டம் வந்தபோது ஊர் நீதிமன்றம் போனது. இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்கா ஆணையமே அந்தத் தடத்தை எதிர்த்தது. 2014இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பில் சுமார் 349 ஹெக்டேரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்துப் பட்டியலிலும் ஒருசேரச் சேர்த்தது. 2015 ஜனவரியில் சுவர்த் திட்டம் நின்றது. நிம்மதி நீடிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் இதே பகுதியில் நஹல் ஹெலெட்ஸ் என்ற யூதக் குடியிருப்புக்கு இஸ்ரேல் சுமார் 600 துனம் ஒதுக்கியது. துனம் என்றால் 1,000 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர். ஊரின் நிலத்தில் பெரும்பகுதி ஒஸ்லோ ஒப்பந்தக் கணக்கில் ‘சி’ பகுதி, அதாவது இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்கே ஒரு கொட்டகை போடவும் இஸ்ரேலிய அனுமதி வேண்டும்.

ஊரின் பெயரைச் சந்தையில் சொல்வது கத்தரிக்காய்தான், பைதின்ஜான் பத்தீரி. நீண்டு மெலிந்திருக்கும், தோல் மெல்லியது, விதையும் கசப்பும் குறைவு. எட்டு நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் தண்ணீரைச் செம்மண் பிடித்து வைக்க, பாத்தியில் கோடை முழுக்கக் காய்க்கிறது. குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்துச் சமைப்பார்கள். சிறியதை மக்தூஸ் என்ற எண்ணெய் ஊறுகாய் போடுவார்கள்.

மக்தூஸுக்கு விரல் நீளக் காய் ஒரு கிலோ. காம்பின் இலையை மட்டும் கிள்ளுங்கள், தலையை வெட்டினால் தண்ணீர் உள்ளே ஏறும். மேலே தட்டு வைத்து அமுக்கி, கொதிநீரில் எட்டுப் பத்து நிமிடம். அதற்குமேல் போனால் தோல் கிழியும். ஆறியதும் பக்கவாட்டில் கீறி, உள்ளே உப்புத் தடவி, வடிதட்டில் கீறல் கீழே பார்க்க அடுக்கிப் பாரம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு பொடியாகத் தட்டிய அக்ரூட் 150 கிராம், பூண்டு ஏழெட்டுப் பல், சிவப்பு மிளகாய் விழுது, உப்பு சேர்த்து அடைக்கலாம். ஜாடியில் நெருக்கி அடுக்கி, கவிழ்த்துவைத்து மிச்ச நீரையும் வடித்தபின் ஒலிவ எண்ணெய் ஊற்றுங்கள். நீர் தங்கினால் புளித்து நுரைக்கும். ஒரு காயின் முனை எண்ணெய்க்கு மேலே தெரிந்தாலும் அங்கிருந்து பூசணம் தொடங்கும். இரண்டு நாள் கழித்து எண்ணெய் இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் எடுக்கலாம்.