இந்த ரிப்போர்ட்ல வராதுங்க

நகர மையத் தெருவ சீரமைக்கறத பத்தி கடைக்காரங்களோட நடந்த கூட்டத்துல நான் சொன்னது ஒரே வரிதான். "அது இந்த ரிப்போர்ட்ல வராதுங்க." கேள்வி கேட்டது வாடகைக்கு கடை நடத்தற ஒரு அம்மா, பதிலுக்கு ஒண்ணும் சொல்லல, கையில இருந்த சின்ன நோட்டுல அத அப்படியே எழுதிக்கிட்டாங்க. ரெண்டு திட்டு திட்டியிருந்தா மறந்திருப்பேன், எழுதிக்கிட்டதுதான் இன்னும் உறுத்துது.

அவங்க கேட்டது: "தெருவ நல்லாக்கறீங்க சார், கூட்டம் வரும், சரி. கூட்டம் வந்தா வாடகைய ஏத்துவாங்க. அப்ப நாங்க அங்க இருப்போமா?"

நகர மையத்துல வியாபாரம் திரும்ப சூடு பிடிக்க எத முதல்ல செய்யணும்னு அஞ்சு பாயின்ட் வரிசையா குடுக்கறதுதான் என் வேலை. முதல் இடத்துல பார்க்கிங் போட்டிருந்தேன், ஏன்னா சத்தமா பேசினவங்க எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. கார்ல வர்ற கஸ்டமர் எத்தன பேருன்னு கடைக்காரங்க கூட்டித்தான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. இங்கிலாந்துல பிரிஸ்டல்ல கடைக்காரங்கள கேட்டப்ப 41 சதவீதம்னு நினைச்சிருக்காங்க, கஸ்டமர்கிட்டயே கேட்டுப் பாத்தா 22. தெரிஞ்சும் போட்டேன். அத குடுத்துட்டா மத்த நாலுக்கும் தலையாட்டுவாங்கன்னு ஒரு கணக்கு, அது தப்புன்னு இப்பவும் என்னால அடிச்சு சொல்ல முடியல.

நடக்கறவங்களுக்கு மட்டும்னு தெருவ மாத்தறது ரெண்டாவது பாயின்ட். கோபன்ஹேகன்ல 1962ல ஸ்ட்ரோகெட் தெருவுல கார் வர்றத நிறுத்தினாங்க, இன்னிக்கும் ஜனம் நடக்குது. அமெரிக்காவுல கலமசூல 1959ல செஞ்சாங்க, 1998ல ஒரு பகுதிய திரும்ப வண்டிக்குத் திறந்துட்டாங்க, ஃப்ரெஸ்னோல 1964ல செஞ்சது 2017ல போச்சு. அப்ப தரைக்கல்லும் பெஞ்சும் மட்டும் ஒரு தெருவ காப்பாத்திடாது, அங்க யார் கடை வைக்கறாங்க, எத்தன நாள் தாக்குப் பிடிக்கறாங்கங்கறதுதான் விஷயம்னு எனக்குத் தோணுது. அந்தம்மா கேட்டதும் அதானே?

மூணாவது பாயின்ட்தான் என்ன ரொம்பப் படுத்துது. வியாபாரிங்களே கூடி ஒரு வரி கட்டி அந்தப் பகுதிய கவனிச்சுக்கற முறை, 1970ல டொரான்டோல ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ்ல ஆரம்பிச்சது. இங்கிலாந்துல இதுக்கு ஓட்டு போடறது பெரும்பாலும் கடைய நடத்தறவங்க, தலை எண்ணிக்கையிலயும் ஜெயிக்கணும், ஓட்டு போட்ட கடைங்களோட வரி மதிப்புலயும் ஜெயிக்கணும். நான் டிராஃப்ட்ல "கட்டட உரிமையாளர்கள் ஒப்புதலுடன்"னு எழுதியிருந்தேன். வாடகைக்கு இருக்கறவங்கன்னு ஒரு வார்த்த கிடையாது. அவங்க கேள்விக்கு அந்த ரிப்போர்ட்டுக்குள்ளயே இடம் இருந்திருக்கு, வராதுன்னு சொன்னது நான்.

அன்னிக்கு மணி ஆயிடுச்சு, இன்னும் பேச நிறைய பேர் இருந்தாங்க, வாடகைய பத்தி பேச எனக்கு அதிகாரமும் இல்ல, இதெல்லாம் நிஜம்தான். ஆனா அதிகாரம் இல்லாத எத்தனையோ விஷயத்த "பரிசீலிக்கலாம்"னு எழுதி சேத்திருக்கேனே, இத மட்டும் ஏன் விட்டேன்?

காலியா கிடக்கற கடைங்கள பத்தி நாலாவதுல ரெண்டு வரி இருந்துச்சு. வாடகைய குறைச்சா கட்டடத்தோட மதிப்பு குறையும், அத வச்சு வாங்கின கடனுக்கு சிக்கல் வரும், அதனால சில ஓனருங்க பூட்டியே வச்சிருப்பாங்க. இப்ப இங்கிலாந்துல ரெண்டு வருஷத்துல 365 நாளுக்கு மேல காலியா இருந்த கடைய உள்ளாட்சியே வாடகை ஏலம் விடலாம்னு 2024 டிசம்பர்ல கொண்டு வந்துட்டாங்க. நான் எழுதினப்ப அது இல்ல. அத சொல்லி என்ன சமாதானப்படுத்திக்கிட்டேன், ஒரு வாரம் கூட நிக்கல, ஏன்னா அவங்க கேட்டது பூட்டின கடைய பத்தி இல்ல, தான் திறந்து வச்சிருக்கற கடைய பத்தி.

கடைசியில "வாடகை உயர்வையும் கவனிக்க வேண்டும்"னு பின்னிணைப்புல ஒரு வரி சேத்தேன். முதல் இடத்துல போட்டிருந்தாலும் கமிட்டி அத நீக்கித்தான் இருக்கும்னு அப்பப்ப சொல்லிக்குவேன். இருக்கலாம், ஆனா நான் போட்டுப் பாக்கவே இல்லயே.