சகோதரியின் பெயரில் ஒரு பரிசு

சிட்னியில் ஓவியங்களுக்குப் பிரேம் போடும் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு, உருவ ஓவியப் போட்டிகளுக்குப் படங்கள் கிளம்பும் வாரங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. எண்ணெய் வண்ணம் முழுவதும் காயாத நிலையிலேயே சில படங்கள் வந்து சேரும். அவற்றின் விளிம்பு எங்கும் உராயாதபடி சுற்றிலும் சிறிது இடைவெளி விட்டுச் சட்டமடித்து, பின்புறம் கம்பி கட்டி, ஓவியரின் பெயர்ச்சீட்டை ஒட்டி அனுப்புவோம். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற உருவ ஓவியப் பரிசான ஆர்ச்சிபால்ட் பரிசுக்கான படம் என்றால் பட்டறையே அதைச் சுற்றி நின்று பேசும். போர்ஷியா கீச் நினைவுப் பரிசுக்கான படத்துக்கு அந்த ஆரவாரம் கிடையாது. ஆனால் இரண்டின் விதிகளையும் வாடிக்கையாளர்களுக்காகப் பலமுறை படித்ததில், பின்னதன் வரலாறே என்னை அதிகம் ஈர்த்தது.

1873இல் மெல்போர்னில் பிறந்த போர்ஷியா கீச், லண்டன் ராயல் அகாடமியில் பயின்ற ஓவியர். இல்லத்தரசிகள் சங்கத்தின் தலைவியாக விலைவாசி உயர்வை எதிர்த்தும் பெண்களின் உரிமைகளுக்காகவும் ஓயாமல் குரல் கொடுத்தவர். 1959இல் அவர் மறைந்தபின், சகோதரி ஃப்ளோரன்ஸ் கேட் கீச் 1961இல் தம் உயிலின் வழியே இப்பரிசை நிறுவினார். கலை, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றில் சிறந்து விளங்கும் ஒருவரை நேரில் அமர்த்தி, ஆஸ்திரேலியாவில் வாழும் பெண் ஓவியர் வரைந்த படத்துக்கே பரிசு என்பது விதி. 1965இல் முதல் பரிசை ஜீன் ஆப்பிள்டன் தம்மைத் தாமே வரைந்த படத்துக்காகப் பெற்றார்.

இந்த விதி, 1921 முதல் வழங்கப்படும் ஆர்ச்சிபால்ட் பரிசின் விதியை ஏறத்தாழ அப்படியே ஒத்திருக்கிறது. அங்கே துறைகளின் பட்டியலில் இருந்த அரசியல் இங்கு இல்லை, வரைபவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற அங்கில்லாத நிபந்தனை இங்கு உண்டு. போராட்டக்காரியின் நினைவாக எழுந்த பரிசில் அரசியல்வாதிகளுக்கு இடமில்லாதது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. பெண் என்ற நிபந்தனைக்கோ காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த உயிலின் காலம்வரை, நாற்பது ஆண்டுகளில் ஆர்ச்சிபால்ட் பரிசை வென்ற பெண்கள் இருவரே: 1938இல் நோரா ஹைசன், 1960இல் ஜூடி கசாப். ஹைசன் வென்றதும், பெண்களால் ஆண்களுக்கு நிகராக ஓவியத்தில் சாதிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்ன ஓவியர் மாக்ஸ் மெல்ட்ரம், அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதே பரிசைத் தாமே வென்றார்.

நேரில் அமர்த்தி வரைய வேண்டும் என்பதும் வெறும் சம்பிரதாயமன்று. புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததாகத் தெரிந்ததால், 1975இல் ஜான் புளூம்ஃபீல்டுக்கு அளிக்கப்பட்ட ஆர்ச்சிபால்ட் பரிசே திரும்பப் பெறப்பட்டது.

கீச் பரிசுக்குத் தேர்வான படங்கள் இப்போது சிட்னியின் அப்சர்வேட்டரி குன்றின்மேல் உள்ள எஸ்.எச்.எர்வின் கலைக்கூடத்தில் தொங்குகின்றன. ஆர்ச்சிபால்ட் போட்டியில் தேர்வாகாத படங்களிலிருந்து பொறுக்கியெடுத்து 1992 முதல் தனிக் கண்காட்சி நடத்துவதும் இதே கலைக்கூடந்தான். ஆகவே அந்தக் குன்றுக்குப் போகும் படத்துக்குப் பிரேம் போடும்போது, அது எந்தக் கண்காட்சிக்கு என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது எங்கள் பட்டறையின் வழக்கம்.